பீரோவில் பூட்டிய கேமரா: குடும்பத்துக்கு நடுவே படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் இளம் தோழி ஒருவர் தம் கேமராவை என்னிடம் கொண்டுவந்தார். கொஞ்ச நாளாகப் படங்களெல்லாம் பால் கலந்தது போல மங்கலாக விழுகின்றன, எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று கேட்டார். லென்ஸைக் கழற்றி, கைப்பேசியின் டார்ச் வெளிச்சத்தைப் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு உள்ளே, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, தலைமுடியைவிட மெல்லிய வெண்ணிற இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. ஈரத்துணியில் முளைகட்டிய பயறு இரண்டு நாள் மறந்துபோய்க் கிடந்தால் அதன்மேல் பூக்குமே ஒரு பூஞ்சை, அதே தோற்றம். குழந்தை பிறந்த பிறகு ஒன்றரை ஆண்டுகள் கேமராவைத் தொடவே முடியவில்லை என்றும், கெட்டுப்போய்விடக் கூடாதே என்று பீரோவில் பத்திரமாக வைத்திருந்ததாகவும் அவர் சொன்னார். 2016-இல் நான் செய்த அதே தவறு, அதே காரணம், ஏறக்குறைய அதே சொற்கள்.

அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, சார்ஜ் இல்லாத பேட்டரியோடு கிளம்புவது போன்றவை ஒருமுறை பட்டால் தாமே திருந்திவிடும். அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி, பெரியவர்களின் மருத்துவமனை என்று ஓடும் நாள்களுக்கு நடுவே படமெடுக்க விரும்புகிறவர்கள், தவறு என்றே தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் சொல்கிறார்கள் என்று 50 மி.மீ. லென்ஸ் வாங்குவது

புதிதாகக் கேமரா வாங்கும் எவருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்குங்கள் என்பதுதான். (இந்த மி.மீ. எண் கூடக் கூட லென்ஸ் பார்க்கும் பரப்பு குறுகும்.) விலை குறைவு, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும், பின்புலம் அழகாக மங்கும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் சிறியது என்பதால், அந்த லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸைப் போலக் குறுகலாகத்தான் பார்க்கும். நம் வீடுகளில் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் பெரிது. பத்தடி தள்ளிச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும், 50 மி.மீ. லென்ஸின் சட்டகத்துக்குள் அகலவாக்கில் ஐந்தடிகூட அடங்காது. பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் சற்றுத் தளர்ந்து உட்கார்ந்தால் ஒரு தோள் வெட்டுப்படும். அதே இடத்திலிருந்து 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஆறரை அடியைக் காட்டும். கேமராவோடு வந்த, 18 முதல் 55 மி.மீ. வரை மாற்றக்கூடிய லென்ஸின் வளையத்தை ஒரு வாரம் 35-இலும் ஒரு வாரம் 50-இலும் அசையாமல் வைத்து வீட்டுக்குள் படமெடுத்துப் பாருங்கள். எதை வாங்குவது என்பது பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

பத்திரமாக எடுத்துப் பூட்டி வைப்பது

இந்தத் தவறைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு ஆற்றாமை குறைவதில்லை. கவனக்குறைவால் ஒன்றைக் கெடுத்திருந்தால் மனம் ஒருவாறு ஏற்றுக்கொள்ளும். அக்கறையோடு செய்த ஒரு காரியமே பொருளைக் கெடுத்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2014-இல் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 35 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். மூத்த மகளின் சிறு வயதில் இரண்டு ஆண்டுகள் அது கையை விட்டு இறங்கவில்லை. 2016 அக்டோபரில் மகன் பிறந்தான். தவழும் குழந்தை எதையும் இழுத்துத் தள்ளும், உடைந்தால் இன்னொன்று வாங்க வசதியில்லை என்ற எண்ணத்தில், கேமராவைத் தோல் பையில் வைத்து, பழைய வேட்டித் துணியால் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். புடவைகளுக்காகப் போட்டிருந்த பாச்சை உருண்டைகள் கேமராவையும் காக்கும் என்று நம்பினேன். மகன் கொஞ்சம் வளரட்டும், ஓய்வு கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

2019-இன் தொடக்கத்தில் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்காகத்தான் அதை மறுபடியும் வெளியே எடுத்தேன். மேடை விளக்குகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் வெண்புகை சூழ்ந்தது போல இருந்தது. கருப்பாக இருக்க வேண்டிய திரை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பழுதுபார்ப்பவர் லென்ஸைப் பிரித்து முதல் கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார். இழைகள் போய்விட்டிருந்தன. ஆனால் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்தபோது, அதன் மேற்பூச்சின் ஊதா நிறத்தில் அந்த இழைகள் ஓடிய தடம் அப்படியே பதிந்திருந்தது. உள்ளே இரண்டு கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்திலும் பூஞ்சை இறங்கியிருக்கிறது, அதைப் பிரிக்க இயலாது என்றார். துடைத்ததற்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். அந்த லென்ஸில் அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் எனக்கு மனம் நிறையவில்லை.

எதனால் இப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தவிர்ப்பது எளிது. பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. புது லென்ஸுக்குள்ளும் இருக்கும். அவை முளைப்பதற்கு ஈரப்பதமும், இருட்டும், அசையாத காற்றும், உண்பதற்குச் சிறிது தூசியோ விரல்ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கோ போதும். வளரும்போது அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. பூட்டிய பீரோ இவை அனைத்தையும் ஒருசேரக் கொடுக்கிறது. தோல் பை ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. சுற்றிய துணியும் அப்படியே. பாச்சை உருண்டையோ நன்மை எதுவும் செய்யாமல் தன் ஆவியால் தீங்கையே சேர்க்கிறது. கேமராவை நாப்தலின், கற்பூர உருண்டைகளுக்கு அருகில் வைக்க வேண்டாம் என்றும், ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ள, காற்றோட்டமற்ற இடத்தில் வைக்க வேண்டாம் என்றும், மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து ஷட்டரை (படமெடுக்கும்போது திறந்து மூடும் திரையை) சில முறை இயக்கிவிட்டு வைக்க வேண்டும் என்றும் நிக்கான் நிறுவனத்தின் கேமராக் கையேடுகள் தெளிவாகவே சொல்கின்றன. கையேட்டின் கடைசிப் பக்கங்களை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? சென்னையைப் போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதம் 60-ஐத் தாண்டியே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைச் சொல்லவே வேண்டாம்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மின்சாரத்தில் இயங்கும் ஈரம் நீக்கும் அலமாரிகள் கிடைக்கின்றன. அவை நல்லவைதாம், ஆனால் ஒரு கேமராவும் இரண்டு லென்ஸும் வைத்திருப்பவருக்கு அது அவசியமில்லை. சமையலறையில் பருப்பு கொட்டி வைப்பது போன்ற, காற்றுப் புகாத, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோ, ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று, இவ்வளவுதான் நான் வைத்திருப்பது. மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் காட்ட வேண்டும். மிகவும் குறைந்து போனாலும் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். நிறம் மாறிவிட்டால் சூடாக்கி ஈரத்தைப் போக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். அதற்கென்று ஒரு பழைய வாணலியைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும், அதில் பிறகு சமைக்கவே கூடாது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கும்.

ஆனால் லென்ஸின் விலை இந்தத் தவறின் சிறிய பங்குதான். என் அப்பா 2018 ஆகஸ்டில் காலமானார். அவருடைய கடைசி ஓராண்டில், மாலை வேளைகளில் மேற்குச் சன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஆரஞ்சுச் சுளையின் தோலை நகத்தால் கீறி, கொட்டையை எடுத்து, நாரையும் உரித்து, சதையை மட்டும் சிறிது சிறிதாகப் பேரன் வாயில் வைப்பார். சன்னல் கம்பிகளின் நிழல் இருவர் மீதும் விழும். அன்றாடம் நடந்தது அது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அந்தக் காட்சி என்னிடம் ஒரே ஒரு கைப்பேசிப் படமாக இருக்கிறது, அதிலும் அப்பாவின் விரல்கள் அசைந்து கலங்கியிருக்கின்றன. கேமரா எட்டடி தூரத்தில் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. சாவியைத் தேடி, பூட்டைத் திறந்து, துணியைப் பிரித்து, பையைத் திறந்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டு எடுக்க வேண்டும் என்ற நினைப்பே என்னை ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வைத்தது.

ஆகவே இப்போது டப்பா கூடத்து அலமாரியில், குழந்தையின் கைக்கு எட்டாத, என் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது. லென்ஸ் பொருத்தியபடி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் கார்டும் உள்ளே இருக்கும்படியே கேமராவை வைக்கிறேன். எடுத்துக் கண்ணருகே கொண்டுபோக அரை நிமிடம் ஆகிறது. வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் படமெடுக்க முடிந்தால் அது போதும். அந்தக் கால் மணி நேரம் இட்லித் தட்டிலிருந்து எழும் ஆவிக்கோ, வீட்டுப்பாடம் எழுதும் மகளின் பென்சில் பிடிக்கோ கிடைத்தாலே கேமராவும் உலர்ந்திருக்கும், கண்ணும் பழகியிருக்கும். எல்லா வேலைகளும் முடிந்த ஒரு முழு நாளுக்காகக் காத்திருப்பவர்களின் லென்ஸ்களைத்தான் நான் டார்ச் அடித்துப் பார்க்க நேர்கிறது.

குடும்பச் சுற்றுலாவையும் படப் பயணத்தையும் ஒன்றாக்குவது

2020 ஜனவரியில் பறவைகளைக் காட்டுகிறேன் என்று கணவரையும் பிள்ளைகளையும் வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ. அங்கே பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். 300 மி.மீ. லென்ஸ் இருந்தாலும், நத்தைகுத்தி நாரை ஒன்று குச்சியோடு பறந்துவந்து இறங்கும் கணத்துக்காக நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் இருபது நிமிடம் மிகுந்த மகிழ்ச்சியோடு பார்த்தார்கள். அதன் பிறகு அவர்களுக்குப் பசித்தது, வெயில் ஏறியது, மூன்று வயது மகனைத் தோளில் சுமந்துகொண்டு கணவர் நின்றார், நான் இன்னும் ஐந்து நிமிடம் என்று நான்கு முறை சொன்னேன். திரும்பும் வழியில் வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

சுற்றுலாவுக்குப் போகும்போது கேமராவைக் கொண்டுபோங்கள், ஆனால் அன்று குடும்பத்தையே படமெடுங்கள். பறவைக்கென்று போவதானால் தனியாகவோ, அதே ஆர்வமுள்ள ஒருவரோடோ, விடியலுக்கு முன் கிளம்பி மதிய உணவுக்குள் வீடு திரும்புங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அப்படிப் போவதற்கு வீட்டில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு வருவதில்லை.

ஐ.எஸ்.ஓ.வை உயர்த்த அஞ்சுவது

வீட்டுக்குள் ஓடும் குழந்தையை, ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும்படி எடுத்தால் முகம் கலங்கும். 1/250 நொடியாவது வேண்டும், அதற்காக, ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 3200 ஆனாலும் ஆகட்டும். படம் சற்றுப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் அச்சிட்டால் தெரியாது. கலங்கிய முகத்தை எதனாலும் மீட்க முடியாது.

உறவுத் திருமணத்தில் முழுநேரப் படக்காரராவது

தொழில்முறைப் படக்காரர் மேடையில் நிற்கும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதே தாலிகட்டை நீங்களும் எடுப்பதில் யாருக்கும் பயனில்லை. அந்த நேரத்தில் அட்சதையோடு உறவினர் நடுவே நில்லுங்கள். அவர் வராத இடங்கள் உங்களுக்குரியவை: விடிகாலையில் பூத்தொடுக்கும் பெரியம்மாக்கள், பந்தியில் இலையைத் துடைக்கும் தாத்தா, மணப்பெண்ணின் அறை வாசலில் தூங்கிப்போன குழந்தை. குளிரூட்டப்பட்ட மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் லென்ஸின் கண்ணாடி உடனே வியர்க்கும்; பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கேட்காமல் படத்தைப் பகிர்வது

வேண்டாம்.

நகலெடுக்கும் முன் கார்டை அழிப்பது

இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் இருப்பதைத் திறந்து பார்த்த பிறகே அழியுங்கள். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவின் ஃபார்மட் வசதியைக் கொண்டே செய்யுங்கள்.