ஒரே வினவலை ஆயிரம் முறை பயன்படுத்த: கேள்விக்குறி வைக்கும் முறை

வினவல் என்பது தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி; அதை எழுதும் மொழி எஸ்கியூஎல். பைத்தான் நிரல்மொழியும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் கணினியில் இருந்தால் போதும். எஸ்கியூஎல் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் ஆங்கிலத்திலேயே தட்டச்சிடுங்கள்.

படி 1: மாறாத வினவல்

செலக்ட் தலைப்பு ஃப்ரம் நூல்கள் வேர் இருப்பு > 0

இருப்பில் உள்ள நூல்களின் தலைப்புகளை இது கேட்கிறது. யார் வலைப்பக்கத்தைத் திறந்தாலும் இதே வரிதான் ஓடும். வெளியிலிருந்து எந்த மதிப்பும் உள்ளே வருவதில்லை. இதை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 2: மதிப்பு மாறும்போது

7ஆம் எண் ஆசிரியரின் நூல்கள் வேண்டும். அடுத்து 8, பிறகு 9. புதியவர்கள் ஒன்று வினவலை நகலெடுத்து எண்ணை மாற்றுவார்கள், அல்லது பயனர் தந்ததை வினவலின் எழுத்துச்சரத்தோடு ஒட்டுவார்கள். (நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.) முதலாவது சலிப்பு, அவ்வளவுதான். இரண்டாவது ஆபத்து: ஒருவர் எண்ணுக்குப் பதில் '7 ஆர் 1=1' (ஆர் என்றால் 'அல்லது') என்று அனுப்பினால், 1=1 எப்போதும் உண்மை என்பதால், அட்டவணையின் எல்லா வரிசைகளும் அவர் கைக்குப் போய்விடும். கெட்ட எண்ணமே இல்லாதவர்கூட ஓ'நீல் என்ற பெயரைத் தேடினால், நடுவிலுள்ள மேற்கோள்குறி வினவலை உடைத்துவிடும்.

படி 3: கேள்விக்குறி

செலக்ட் தலைப்பு ஃப்ரம் நூல்கள் வேர் ஆசிரியர்_எண் = ?

இதை ஒரு செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) வைத்து, எக்ஸிகியூட் கட்டளைக்கு முதலில் வினவலையும் அடுத்ததாக (எண்,) என்று மதிப்பையும் கொடுங்கள். தரவுத்தளம் வினவலின் அமைப்பை முதலில் படித்துக்கொள்கிறது. மதிப்பு அதன் பிறகே வந்து சேர்வதால் அது கட்டளையாக மாற வழியில்லை. அதே '7 ஆர் 1=1' இப்போது வெறும் எழுத்துச்சரம். அப்படியொரு ஆசிரியர் எண் இல்லை, எனவே ஒரு வரிசையும் வராது.

அடைப்புக்குள் இருக்கும் காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஒரு பெயரை அனுப்பினால், பைத்தான் ஒவ்வொரு எழுத்தையும் தனி மதிப்பாக எண்ணி, 'கேட்டது 1, தந்தது 12' என்கிற பாணியில் பிழை காட்டும். என் ஒரு மாலைப்பொழுதை விழுங்கிய காற்புள்ளி அது.

படி 4: பகுதித் தேடல்

பெயரின் ஒரு பகுதியை மட்டும் வைத்துத் தேட உதவும் லைக் தேடலில், 'எந்த எழுத்துகளும் வரலாம்' என்று பொருள்படும் சதவீதக்குறியை (%) வினவலில் எழுதாமல், மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

படி 5: கேள்விக்குறி செல்லாத இடங்கள்

அட்டவணைப் பெயருக்குக் கேள்விக்குறி வைத்தால் உடனே பிழை வரும். ஆர்டர் பை பகுதியில் வைத்தாலோ பிழையே வராது, வரிசைப்படுத்தலும் நடக்காது. நெடுவரிசைப் பெயர் வெறும் சொல்லாகவே கொள்ளப்படும். அங்கே 'தலைப்பு', 'ஆண்டு' என அனுமதித்த பெயர்களை நிரலிலேயே பட்டியலிட்டு, பயனர் கேட்டது அதில் இருந்தால் மட்டும், உங்கள் பட்டியலிலுள்ள பெயரை எடுத்து வினவலில் சேருங்கள்.