குதிரை லாடம்: சூட்டில் செய்யும் தவறுகள்

இடுக்கியை இறுகப் பிடிக்க வேண்டும், தோல் முன்கச்சை கட்ட வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். மாட்டு லாடம் அடித்துப் பழகியவர்கள் குதிரைக்கு வரும்போது சறுக்குவது வேறு இடங்களில். மாட்டுக்குப் பிளவுக் குளம்பு என்பதால் இரண்டு துண்டுகளை ஆறிய இரும்பாகவே அடித்துவிடலாம். குதிரைக்கு ஒரே வளைவு. முன்னங்காலில் வட்டமாக இருக்கும், பின்னங்காலில் கூராக ஒடுங்கும்.

வெயிலில் நின்று நிறம் பார்ப்பது

வெளிச்சத்தில் சூடு குறைவாகத் தெரியும். உலையில் விட்டுவிட்டு எரித்துவிடுவார்கள். பொறி பறந்த இரும்பு தேறாது. நிழலில் பாருங்கள். ஆரஞ்சு மஞ்சளாகும் கட்டத்தில், சுமார் 1,000 முதல் 1,100 டிகிரி செல்சியஸில், நன்றாக வளையும். மங்கிய சிவப்புக்கு இறங்கினால் சுத்தியலை வைத்துவிட்டு மறுபடி உலைக்கு.

தொடும் இடத்தில் அடிப்பது

பட்டறைக்கல்லின் கொம்பை, அதாவது அதன் கூம்பிய முனையை, லாடம் தொடும் புள்ளியிலேயே அடித்தால் வளையாது, நசுங்கி மெலியும். சற்றுத் தள்ளி, அடியில் கல் இல்லாத பக்கம் அடியுங்கள். வளைத்தபின் கோணிய ஆணித்துளையைச் சூட்டோடு பஞ்ச் வைத்துத் திறந்துவிடுங்கள்.

குளம்பைச் சுட்டுப் பொருத்துவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத சோம்பேறித்தனம் இது. சூடான லாடத்தைக் குளம்பில் வைப்பது எங்கே பொருந்தவில்லை என்று பார்க்க மட்டுமே. 3 முதல் 5 வினாடி போதும். மேடான இடம் கருகும், பள்ளம் வெளுப்பாகவே நிற்கும். லாடத்தை எடுத்துவிட்டு, மேட்டை அரத்தால் ராவ வேண்டும். லாடம் கோணல் என்றால் கல்லுக்குப் போக வேண்டும். புதியவரோ இன்னும் கொஞ்சம் அழுத்துவார். புகை கிளம்பும், லாடம் குளம்புக்குள் இறங்கும், இடைவெளி மறைந்துவிடும். குதிரைக்காரரும் ‘நல்லா உட்கார்ந்திருச்சு’ என்பார். உட்கார்ந்தது கோணல் லாடம். குளம்பும் அதே கோணலுக்கு எரிந்திருக்கிறது. குளம்புச் சுவரின் வெளிப்பகுதியில் உணர்ச்சி கிடையாது, அதனால் குதிரை அப்போது காலை உதறாமல்கூட நிற்கலாம். ஆனால் உள்ளங்குளம்பு மெல்லியதாக இருந்தால் சூடு உயிருள்ள சதைவரை போகும். பிறகு நொண்டும்போது பழி ஆணிமேல் விழும். லாடம் தாங்க வேண்டியது சுவரை. உள்ளங்குளம்பை அது தொடவே கூடாது.

அலுமினிய லாடம்

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பது கண்ணில் படும் முன்பே உருகி விழும்.

துத்தநாகம் பூசிய இரும்பு

உலையில் போடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

கறுத்த லாடம்

ஆறிவிட்டதாக நினைத்துக் கையால் எடுக்காதீர்கள். 400 டிகிரியிலும் இரும்பு கறுப்புதான்.