பத்து வயதில் நல்ல கால்பந்து ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி?

தேர்வு நாளில் நூறு மீட்டர் ஓடவிட்டு, உயரம் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில்தான் வருவார்கள், ஆனால் பத்து வயதில் அந்தப் பதினொரு மாதம் உடம்பில் நன்றாகவே தெரியும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 2000-இல் பார்சிலோனாவுக்கு வந்தபோது மெஸ்ஸிக்கு 13 வயது, வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டால் ரொம்பவே சின்ன உருவம்; உயரத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரையே விட்டிருப்பார்கள்.

சரி, எதைப் பார்ப்பது? சின்ன இடத்தில் நாலுக்கு நாலு ஆடவிடுங்கள், எல்லார் காலுக்கும் பந்து வரும். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிற பிள்ளை, எனக்கு அதுதான் முதல் அடையாளம். அப்புறம், பந்தை இழந்த அடுத்த நொடி. ஒருமுறை வெறுங்காலோடு வந்த சிறுமி ஒருத்தி, பந்து பறிபோனதும் முகத்தைத் தொங்கப்போடாமல் துரத்திப் போய், உடம்பைக் குறுக்கே கொடுத்துத் திரும்பப் பிடுங்கினாள். அவளை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

ஒரே நாளில் முடிவு எடுக்காதீர்கள், மூன்று நாளாவது பாருங்கள். தேர்வாகாத பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லி, ஆறு மாதம் கழித்துக் கட்டாயம் திரும்பக் கூப்பிடுங்கள்.