டிஎன்எஸ் லாகைப் படிக்கிற மாதிரி வைத்துக்கொள்வது எப்படி

தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைத் தருவது டிஎன்எஸ். அதற்கான சர்வர் மென்பொருள் பைண்ட் 9. அதை நிறுவி, யார் எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்று பதியும் குவெரி லாகை ஆன் செய்துவிட்டு, கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் வரிகள் ஓடுகிற ஓட்டத்தில் எதுவும் கண்ணில் நிற்காது. நான் ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். வகுப்பறை, ஆய்வகம், விடுதி என்று எல்லா இடத்துக் கருவிகளும் எங்களுடைய இரண்டு நேம் சர்வர்களிடம்தான் பெயர் கேட்கின்றன. "வைஃபை ஃபுல்லா காட்டுது சார், ஆனா எதுவும் ஓப்பன் ஆகல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது இந்த லாகைத்தான். அதனால் அதைப் படிக்க முடிகிற நிலையில் வைத்திருப்பதும் சர்வரை ஓடவைக்கிற வேலையிலேயே சேர்த்தி என்று நினைக்கிறேன். வேலையில் பெரும்பங்கு லாக் எழுதப்படுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது. வரிகளைத் தேடிப் பிரிக்கிற கிரெப், ஆக் கட்டளைகள் எல்லாம் அப்புறம்தான்.

முதலில் கலந்து கிடப்பதைப் பிரியுங்கள். பைண்டை அப்படியே விட்டால் எல்லாச் செய்தியும் சிஸ்டத்தின் பொது லாகான சிஸ்லாக் வழியாக ஒரே இடத்தில் போய் விழும். சோன் (ஒரு டொமைனின் பெயர்ப் பட்டியல்) ஏற்றப்பட்டது, யாரோ அதை முழுதாக நகலெடுக்க சோன் டிரான்ஸ்ஃபர் கேட்டு மறுக்கப்பட்டது, வெளியே ஏதோ ஒரு சர்வர் தப்பாகப் பதில் சொன்னது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பைண்டின் அமைப்புக் கோப்பான நேம்ட் டாட் கான்ஃபில் லாகிங் என்று ஒரு பகுதி உண்டு. அதில் சேனல் என்பது எங்கே எழுதுவது, கேட்டகரி என்பது எதை எழுதுவது. இந்த இரண்டும் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான் குவெரீஸ் வகைக்கு ஒரு கோப்பு, குவெரி-எரர்ஸ் வகைக்கு ஒன்று, செக்யூரிட்டிக்கும் அப்டேட்-செக்யூரிட்டிக்கும் சேர்த்து ஒன்று, சோன் டிரான்ஸ்ஃபர் தொடர்பான எக்ஸ்ஃபர்-இன், எக்ஸ்ஃபர்-அவுட், நோட்டிஃபை மூன்றுக்கும் சேர்த்து ஒன்று, மற்றதற்கெல்லாம் டிஃபால்ட் என்று ஒன்று வைத்திருக்கிறேன். லேம்-சர்வர்ஸ் வகையை எங்கும் எழுதாத நல் சேனலுக்கு அனுப்பிவிடுகிறேன். அது வேறு யாரோ தங்கள் சோனைச் சரியாக வைக்காத குறை. நாம் அதைத் திருத்தவும் முடியாது, தினமும் படித்து ஒன்றும் ஆகப்போவதும் இல்லை.

குவெரி லாகை சிஸ்லாகுக்கு அனுப்பாமல் நேராகக் கோப்பில் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் அந்தச் செய்திகளை வாங்கிச் சேமிக்கும் ஜர்னல்டி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இயல்பான அமைப்பில் 30 நொடிக்கு ஒரு சேவையிடமிருந்து சுமார் 10,000 செய்திகள் வரை வாங்கிக்கொள்ளும், மேலே வருவதைத் தள்ளிவிடும். விடுதி முழுக்க விழித்திருக்கிற இரவு நேரத்தில் அந்த வரம்பைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. நீங்கள் தேடுகிற வரி தள்ளப்பட்டவற்றில் இருந்தால் எத்தனை கிரெப் போட்டாலும் கிடைக்காது.

உபுண்டுவில் கோப்புகளை வார், லாக், நேம்ட் என்ற பாதையிலேயே வையுங்கள். எந்த நிரல் எங்கே எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர், பைண்டின் சர்வர் நிரலான நேம்டுக்கு அங்கே எழுத அனுமதி தந்திருக்கிறது. வேறு இடம் கொடுத்தால், ஃபோல்டரின் உரிமை சரியாக இருந்தும் பெர்மிஷன் டினைடு வரும். அந்த ஃபோல்டர் பைண்ட் என்ற பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மாற்றங்களைச் செய்து முடித்ததும் அமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும் நேம்ட்-செக்கான்ஃப் ஓட்டிப் பாருங்கள். அது ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் ஓடுகிற சர்வர் மாற்றங்களைப் படிக்க ஆர்என்டிசி ரீகான்ஃபிக் கொடுங்கள்.

அடுத்தது நேரம். பிரின்ட்-டைம் என்ற இடத்தில் வெறும் யெஸ் போட்டால் 11-ஃபெப்-2025 என்கிற பாணியில் தேதி வரும். மனிதர் படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சார்ட் கட்டளை ஏப்ரலை பிப்ரவரிக்கு முன்னால் தூக்கி வைத்துவிடும். யெஸ்ஸுக்குப் பதிலாக ஐஎஸ்ஓ8601 என்று கொடுங்கள். ஆண்டு, மாதம், நாள், மணி என்று பெரியதிலிருந்து சிறியதாக வரும், இரண்டு சர்வர்களின் கோப்புகளைச் சேர்த்து வரிசைப்படுத்தினாலும் குழம்பாது. யுடிசி (உலகப் பொது நேரம்) என்று முடிகிற வடிவமும் இருக்கிறது. எங்களுடையது ஒரே வளாகம் என்பதால் உள்ளூர் நேரத்தையே வைத்திருக்கிறேன். "நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு" என்று மாணவர் சொன்னதும் அந்த வரிக்கே போக முடிகிறது, ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்கள் யுடிசியையே எடுத்துக்கொள்ளட்டும். பிரின்ட்-கேட்டகரி, பிரின்ட்-செவரிட்டி இரண்டையும் குவெரி கோப்பில் நோ ஆக்குங்கள். எல்லா வரியிலும் ஒரே சொல் வந்து இடத்தை அடைப்பதால் லாபம் இல்லை. டிஃபால்ட் கோப்பில் மட்டும் இரண்டும் யெஸ்.

இப்போது ஒரு வரியை நிதானமாகப் பார்ப்போம். நேரத்துக்குப் பிறகு கிளையன்ட் என்ற சொல் வரும். அதன்பின் @ குறியோடு ஒரு நீண்ட எண். அது நேம்டின் உள்கணக்கு, கண்ணை அங்கே நிறுத்த வேண்டாம். அடுத்து 10.20.4.37#51522 என்பது போல ஒன்று. # குறிக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஐபி, பின்னால் இருப்பது போர்ட். பிறகு அடைப்புக்குறிக்குள் கேட்ட பெயர், அப்புறம் குவெரி என்ற சொல், திரும்பவும் அதே பெயர், ஐஎன், ஏ அல்லது ஏஏஏஏ போன்ற ரெக்கார்டு வகை, அதற்கடுத்து +இ(0)கே மாதிரி ஒரு சின்ன எழுத்துக்கூட்டம், கடைசியில் அடைப்புக்குறிக்குள் நம் சர்வரின் எந்த முகவரிக்குக் கேள்வி வந்தது என்ற தகவல்.

அந்த எழுத்துக்கூட்டத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் உதவியாக இருப்பது அதுதான். + என்றால் ரிகர்ஷன், அதாவது பதிலை மற்ற சர்வர்களிடம் தேடித் தருவது, வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், - என்றால் கேட்கவில்லை. இ என்றால் டிஎன்எஸ்ஸின் விரிவாக்கமான ஈடிஎன்எஸ், அடைப்புக்குள் அதன் பதிப்பு எண். டி என்று எழுதினால் இங்கே குழப்பம் வரும், ஏனென்றால் ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் இதில் வருகின்றன. ஏபிசிடி வரிசையில் நான்காவது எழுத்து, பதில் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக் விவரமும் வேண்டும் என்பதைக் குறிக்கும். இருபதாவது எழுத்து கேள்வி டிசிபி வழியாக வந்தது என்று சொல்லும். ஒரே கிளையன்ட் ஒரு பெயரை முதலில் சாதாரணமாகவும் (அதாவது யுடிபி வழியாகவும்) உடனே டிசிபி குறியோடும் கேட்டிருந்தால், யுடிபி பதில் பெரிதாகி வெட்டுப்பட்டது, அவர் டிசிபியில் திரும்பி வந்திருக்கிறார் என்று பொருள். பெரிய பதில் தரும் ஒரு பெயருக்கு அந்த இரண்டாவது வரி வரவே இல்லை, பயனருக்கும் சைட் திறக்கவில்லை என்றால், நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் டிஎன்எஸ்ஸின் டிசிபி போர்ட் 53-ஐ அடைத்திருக்கிறதா என்று உடனே போய்ப் பாருங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரே ஐபி, ஒரே பெயர், ஒரே வகை, சரியாக 5 நொடி இடைவெளியில் மறுபடி வருகிறது என்றால் அந்த லினக்ஸ் கருவிக்கு முதல் கேள்விக்கான பதில் போய்ச் சேரவில்லை. லினக்ஸில் பெயர் கேட்கிற பகுதியான கிளிப்சி ரிசால்வரின் இயல்பான காத்திருப்பு 5 நொடி. கேள்வி நம்மிடம் வந்துவிட்டது, எனவே போகிற பாதை சரி. பதில் திரும்புகிற பாதையிலோ, மேலே நாம் கேட்கிற சர்வரிடமோதான் சிக்கல்.

பைண்டின் குவெரி லாகில் கேள்வி மட்டும்தான் இருக்கும், பதில் என்ன போனது என்பது இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலான என்எக்ஸ்டொமைனைத் தேடி நேரத்தை வீணாக்குபவர்கள் நிறையப் பேர். பதில் கெட்டுப்போன கேள்விகளுக்குத்தான் அந்தத் தனி குவெரி-எரர்ஸ் கோப்பு. அதன் சேனலில் செவரிட்டியை டைனமிக் என்று வையுங்கள். பிரச்சினை வரும்போது ஆர்என்டிசி ட்ரேஸ் 1 கொடுத்தால் சர்வ்ஃபெயில் ஆன, அதாவது சர்வரால் பதில் தர முடியாமல்போன ஒவ்வொரு கேள்விக்கும் வரி விழும். பார்த்து முடித்ததும் ஆர்என்டிசி நோட்ரேஸ் கொடுக்க மறக்காதீர்கள். கேள்வியும் பதிலும் எப்போதுமே வேண்டும், சர்வரும் திணறக் கூடாது என்றால் டிஎன்எஸ்டாப் பக்கம் போக வேண்டியதுதான். அது பைனரியாக எழுதும், டிஎன்எஸ்டாப்-ரீட் கொண்டு திறந்தால் யாமல் வடிவிலும் காட்டும்.

இனி ஆக். வரியில் இத்தனையாவது சொல் என்று எண்ணிப் பெயரை எடுக்காதீர்கள். கேட்பவரைப் பொறுத்து வேறு பதில் தரும் வியூ அமைப்பைப் பயன்படுத்தும் சர்வரில் வியூவின் பெயரும் நடுவே நுழைந்துவிடும், கேட்டகரியை ஆன் செய்தால் இன்னும் நகரும். குவெரி என்ற சொல்லைத் தேடி, அதற்கு அடுத்த சொல்லை எடுங்கள். எடுத்ததும் சிற்றெழுத்தாக மாற்றிவிடுங்கள். உங்கள் சொந்த சோனுக்குப் பதில் சொல்கிற சர்வராக இருந்தால் இது கட்டாயம். போலிப் பதிலைத் தடுக்கச் சில ரிசால்வர்கள் பெயரின் எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாகக் கலைத்துப்போட்டு அனுப்புகின்றன. மாற்றாமல் எண்ணினால் ஒரே பெயர் நூறு பெயராகக் கணக்கில் வரும்.

அடுத்து ஐபிக்குப் பதில் ஆள் புரிகிற பெயர். ஒவ்வொரு ஐபிக்கும் அதன் பெயரை டிஎன்எஸ்ஸிலேயே கேட்கும் ரிவர்ஸ் லுக்கப் போடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். அந்த லுக்கப் உங்கள் சர்வரிடமே போய், அதே லாகில் புதிய வரிகளாக வந்து உட்காரும். கருவிகளுக்கு ஐபி ஒதுக்கும் டிஎச்சிபி சர்வரின் குத்தகைக் கோப்பிலிருந்து எடுங்கள். கியா என்ற டிஎச்சிபி சர்வரின் லீசஸ்4 சிஎஸ்வி கோப்பில் முதல் பத்தி ஐபி, இரண்டாவது கருவியின் வன்பொருள் எண்ணான மேக் முகவரி, ஒன்பதாவது ஹோஸ்ட்நேம். அதே ஐபி பல முறை வந்திருந்தால் கீழே இருப்பதுதான் புதியது. ஆக்கில் ஓர் அட்டவணையில் மேலிருந்து கீழாக ஏற்றிக்கொண்டே போனால் கடைசிப் பெயர் தானாக நிற்கும். பழைய லாகைப் படிப்பதானால் அந்த நாளில் எடுத்து வைத்த குத்தகைக் கோப்புதான் வேண்டும், இன்றையது உதவாது.

போன்களுக்கு இந்த வழி முழுதாகக் கைகொடுக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் வைஃபையில் அசல் மேக் முகவரிக்குப் பதில் பெரும்பாலும் கருவியே உருவாக்கிய ஒன்றுதான் வருகிறது, ஹோஸ்ட்நேம் பல நேரம் காலியாக இருக்கிறது. அதனால்தான் முகவரி பிரிக்கும்போதே ஐபியின் மூன்றாவது எண்ணைக் கட்டடத்துக்கு ஒன்றாக வைத்துவிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் விடாமல் சொல்கிறேன். எங்களுக்கு 10.20.4 என்றாலே மாணவர் விடுதி. பெயர் கிடைக்காவிட்டாலும் எந்த மாடிப்படி ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் இரைச்சல். கனெக்டிவிட்டிசெக் ஜிஸ்டாட்டிக், கேப்டிவ் ஆப்பிள், எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட் மூன்றும் கருவிகள் நெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவை. கிரெப்பில் ஒரு விலக்குக் கோப்பு வைத்து இவற்றை வடிகட்டிவிடலாம். டைப்65 என்று வருவது கண்டு பயப்பட வேண்டாம். எச்டிடிபிஎஸ் ரெக்கார்டு வகையின் எண் அது, பழைய பைண்டுக்கு அதன் பெயர் தெரியாது, அவ்வளவுதான். புள்ளியே இல்லாமல் 7 முதல் 15 எழுத்து வரை அர்த்தமற்ற மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் பழைய குரோமியம் பிரவுசராக இருக்கும். திறக்கும்போது, இல்லாத பெயருக்கு யாராவது பொய்ப் பதில் தருகிறார்களா என்று அது சோதிக்கும். ஆனால் அதே மாதிரிப் பெயர்கள் டாட் காம், டாட் இன்ஃபோ என்ற வாலோடு ஒரே ஐபியிலிருந்து நிற்காமல் வந்தால் அதை வடிகட்டாதீர்கள். அது மால்வேராக இருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் கருவியை நேரில் போய்ப் பாருங்கள்.

தமிழில் இருக்கும் டொமைன்கள் லாகில் தமிழாக வராது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எல்லாமே எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறுகோடும் ஆங்கில எழுத்துக் குவியலுமாகத்தான் தெரியும். ஐடிஎன்2 என்ற கருவியை டிகோட் தெரிவோடு ஓட்டினால் தமிழில் படிக்கலாம். அறிக்கை தயாரிக்கிற ஸ்கிரிப்டின் கடைசிப் படியாக இதைச் சேர்த்துவிடுங்கள். மால்வேர் பெயர் என்று நினைத்து ஒரு நல்ல தமிழ்த் தளத்தைத் தடுத்துவிடக் கூடாது.

பைண்டுக்குப் பதில் வேறு டிஎன்எஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அன்பவுண்டில் லாக்-டைம்-ஆஸ்கி யெஸ் என்று போடாவிட்டால் நேரம் வெறும் நொடிக்கணக்காக வரும். லாக்-ரிப்ளைஸ் ஆன் செய்தால் பதிலின் நிலையும் அதே வரியில் கிடைக்கும், இந்த ஒன்றில் அது பைண்டைவிட வசதி. டிஎன்எஸ்மாஸ்கில் லாக்-குவெரீஸ் என்பதற்கு எக்ஸ்ட்ரா என்று கொடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தொடர் எண் விழும், கேள்வியையும் பதிலையும் அந்த எண்ணை வைத்தே இணைத்துப் படிக்கலாம்.

எவ்வளவு நாள் வைப்பது? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரம் சொல்லும் என்டிபி சர்வரோடு ஒத்துப்போக வைக்கவும் சொல்கிறது. பைண்டின் சைஸ், வெர்ஷன்ஸ் இரண்டும் கோப்பின் அளவையும் எண்ணிக்கையையும்தான் பார்க்கும், நாளைப் பார்க்காது. அதனால் சஃபிக்ஸ் டைம்ஸ்டாம்ப் என்று வைத்து, சுழன்ற கோப்புகளை இரவில் சுருக்கி வேறொரு மெஷினுக்கு நகர்த்துகிறேன்.

யார் எந்த நேரத்தில் எதைத் தேடினார்கள் என்பது முழுக்க இந்தக் கோப்பில் இருக்கிறது. நோயைப் பற்றித் தேடியவரும், வேலை தேடியவரும், மனது சரியில்லாமல் உதவி தேடியவரும் இதில் இருக்கிறார்கள். கோப்பின் அனுமதியை 640-க்கு (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் படிக்கலாம்) மேல் விடாதீர்கள். வெளியே யாரிடமாவது லாகைக் காட்டி உதவி கேட்பதானால் ஐபிகளை மாற்றிக் கொடுங்கள். மொத்தமாக எக்ஸ் போட்டு அழித்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரே ஐபிக்கு எல்லா வரியிலும் ஒரே மாற்று எண் வருகிற மாதிரி மாற்றுங்கள், 5 நொடிக்கு ஒரு முறை திரும்பக் கேட்கும் அந்தக் கிளையன்ட் அப்போதும் அவர் கண்ணுக்குத் தெரியும்.