தானியங்கிச் சேவைக்கு எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தவருக்கு அற்றோணித் தத்துவம் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. கனடாவில் இருக்கும் மகன், கோண்டாவில் காணியைப் பார்த்துக்கொள்ள, தன் சார்பில் செயற்படும் அதிகாரத்தைக் கொடுத்துச் சித்தப்பாவின் பெயரில் தத்துவம் எழுதுவான். பராமரிக்க மட்டுமா, குத்தகைக்கு விடவுமா, விற்கவுமா என்று நொத்தாரிசு கேட்டுக் கேட்டு எழுதுவார். ‘விற்கவும்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி வீட்டில் நாட்கணக்கில் பேச்சு நடக்கும்.

அதே வீட்டார் தங்கள் கடையின் கூகுள் கணக்கை ஸாப்பியர், மேக் போன்ற தானியங்கிச் சேவையுடன் இணைக்கும்போது, எதிரே வரும் பக்கத்தை வாசிக்காமலே ‘அனுமதி’யை அழுத்திவிடுகிறார்கள். அதுவும் தத்துவம் எழுதிக் கொடுப்பதுதான். படிவம் நிரப்பியவருக்குத் தானாக மின்னஞ்சல் போக வேண்டும், ஓடர் வந்தவுடன் கூகுள் ஷீட் என்ற விரிதாளில் பதிய வேண்டும் என்றால், உங்கள் பெயரில் அதைச் செய்யும் அதிகாரம் அந்தச் சேவைக்குத் தேவை.

அதற்காகக் கடவுச்சொல்லைக் கொடுப்பது முதல் தவறு. கடவுச்சொல் வீட்டுத் திறப்பு. சமையலறைக்கு மட்டும் போ என்று சொல்லித் திறப்பைக் கொடுக்க முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ஓஆத் என்ற முறை வந்தது. இன்று பரவலாக உள்ள ஓஆத் 2.0, 2012 ஒக்டோபரில் வெளியானது. இதில் சேவை உங்களைக் கூகுளின் பக்கத்துக்கு அனுப்பும். கடவுச்சொல்லை அங்கேதான் கொடுப்பீர்கள், சேவையின் கண்ணில் அது படாது. நீங்கள் சம்மதித்ததும் கூகுள் ஒரு குறியீட்டைக் கொடுக்கும். சேவை அதைத் தன் இரகசியக் குறியுடன் சேர்த்துக் காட்டி இரண்டு டோக்கன்களை, அதாவது கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும் மின் அனுமதிச் சீட்டுகளை, பெற்றுக்கொள்ளும். வேலை செய்வதற்கான டோக்கன் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் காலாவதியாகும். மற்றது, அது முடிய முடியப் புதியதை வாங்குவதற்கானது. நீங்கள் நித்திரையில் இருக்கும்போதும் வேலை நடப்பது இந்த இரண்டாவது டோக்கனால்தான். நீங்கள் மறந்துபோன பிறகும் அது ஆண்டுக்கணக்கில் செல்லுபடியாகக்கூடும்.

ஆகவே அனுமதிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே எல்லாம். ‘உங்கள் டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, உருவாக்க, அழிக்க’ என்று ஒரு வரி இருந்தால், அது பொதுத் தத்துவம். ஒரேயொரு ஷீட்டில் பெயர் பதியும் வேலைக்கு அது எதற்கு? நீங்கள் தெரிவுசெய்யும் கோப்புகளை மட்டும் தொடும் அனுமதியும் கூகுளில் உண்டு. அதைக் கேட்கும் சேவை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பல அனுமதிகளைக் கேட்கும் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தால், தேவையற்றதை விட்டுவிட்டு இணைத்துப் பாருங்கள்.

‘பக்கம் உண்மையான கூகுள் பக்கம்தான், முகவரியைப் பார்த்தேன்’ என்பது போதாது. 2017 மே 3ஆம் திகதி மின்னஞ்சல் வழியே பரவிய மோசடியில் மக்கள் அழுத்தியது கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கத்தில்தான். அனுமதி கேட்ட செயலிதான் போலி. அதை உருவாக்கியவர்கள் அதற்குச் சூட்டியிருந்த பெயர் ‘கூகுள் டாக்ஸ்’. சம்மதித்தவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே மின்னஞ்சல் பறந்தது. முகவரி சரியாக இருந்தாலும், அனுமதி கேட்பவர் யார், அந்த நேரத்தில் அதைக் கேட்க வேண்டிய காரணம் என்ன என்று பாருங்கள். நீங்களாகத் தொடங்காத இணைப்புக்குச் சம்மதிக்கவே வேண்டாம்.

சொந்தமாகச் செயலி எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிழமையும் இணைப்பு அறுந்துவிடுகிறது என்று தலையைப் பிய்க்காதீர்கள். வெளிப் பயனர்களுக்கான செயலி ‘சோதனை’ நிலையில் இருந்தால், கூகுள் தரும் புதுப்பிப்பு டோக்கன் (மேலே சொன்ன இரண்டாவது டோக்கன்) 7 நாளில் செத்துவிடும். பிழை உங்கள் நிரலில் இல்லை. இரகசியக் குறியை மட்டும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாக நான் காண்பது, யாருடைய பெயரில் தத்துவம் எழுதப்பட்டது என்பதை ஒருவரும் குறித்துவைக்காத தவறு. கொக்குவில் பக்கத்தில் ஒரு தனியார் கல்வி நிலையம். வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெற்றோருக்கு மாலை 6 மணிக்குத் தானாக மின்னஞ்சல் போகும்படி, அங்கு வேலை பார்த்த பிள்ளை ஒருவர் ஷீட்டில் நிரல் எழுதி வைத்திருந்தார், தன் சொந்த ஜிமெயிலில் இருந்தபடி. பிறகு திருமணமாகி ரொறன்ரோ போய்விட்டார். நிர்வாகி பொறுப்பானவர். போனவரின் பெயரை ஷீட்டிலிருந்து நீக்கினார், நிலையத்தின் பொதுக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினார். அன்றிலிருந்து எட்டு நாட்கள் எந்தப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் போகவில்லை. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட வைக்கும் அமைப்புக்குத் தூண்டி என்று பெயர். கூகுளில் இத்தகைய தூண்டி, அதை அமைத்தவரின் கணக்கில்தான் ஓடும். அவருக்கு ஷீட்டைத் திறக்கும் உரிமை போனால் அதுவும் நின்றுவிடும். தோல்வி அறிவிப்புகளும் ரொறன்ரோவுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு தாய் நேரில் வந்து, “மகன் நான்கு நாளாக வகுப்புக்கு வரவில்லையாமே, ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்று கேட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது.

என்னை அழைத்திருந்தார்கள். நிர்வாகி கேட்டார்: “தம்பி, கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். மற்ற இணைப்புகள் எல்லாம் அறுந்திருக்கும்தானே?” இல்லை. கூகுளில் கடவுச்சொல்லை மாற்றினால் ஜிமெயில் அனுமதி கொண்ட டோக்கன்கள் விழும். டிரைவ், ஷீட், நாட்காட்டி அனுமதி மட்டும் கொண்டவை அப்படியே இருக்கும். இது சிறிய விடயமல்ல. 2025 ஓகஸ்டில், சேல்ஸ்லொஃப்ட் டிரிஃப்ட் என்ற இணைய உரையாடல் சேவையிடமிருந்து திருடப்பட்ட டோக்கன்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள், வாடிக்கையாளர் விபரங்களை வைத்திருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சேவையில் சேமித்திருந்த தரவுகளைத் திருடர்கள் எடுத்தார்கள். யாருடைய கடவுச்சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை. கைபேசிக்கு வரும் இரண்டாம் கட்ட எண்ணும் தடுக்கவில்லை.

தத்துவத்தை இரத்துச் செய்யும் இடம் கூகுள் கணக்கின் அமைப்புகளில், வெளியார் செயலிகளுக்கான பக்கத்தில் இருக்கிறது. அன்று அதை நிலையத்தின் கணினியில் திறந்தோம். 11 பெயர்கள் இருந்தன. நான்கை மட்டும் அவர்களால் இன்னதென்று சொல்ல முடிந்தது. ஒன்று முழு டிரைவையும் அழிக்கும் உரிமையோடு, ஒரு பிடிஎஃப் கோப்பை மாற்றுவதற்காக என்றோ இணைக்கப்பட்டது. தெரியாத ஏழையும் நீக்கினோம். பெற்றோர் அறிவிப்பை நிலையத்துக்கென்றே ஒரு புதிய கணக்கில் மீண்டும் அமைத்தோம். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாக நிலையத்தின் தொலைபேசியைக் கொடுத்தோம். யார், எந்தச் சேவைக்கு, எதற்காக, எந்தத் திகதியில் அனுமதி கொடுத்தார் என்று நான்கு பத்திகளுடன் ஒரு கொப்பி, வரவுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மறுநாள் காலை நிர்வாகி தொலைபேசி எடுத்தார். நீக்கிய ஏழில் ஒன்று நேர அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததாம். நாட்காட்டிக்கு மட்டும் அனுமதி கொடுத்து மறுபடி இணைத்தோம். கொப்பியில் அது ஐந்தாவது வரி.