தொழில் செய்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய இரண்டு அத்தியாயங்கள்

தொழில், பணம் பற்றிப் படிக்க நினைப்பவர்கள் பெஞ்சமின் கிரகாம் எழுதி 1949-ல் வெளியான 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலை எடுங்கள். பங்கு முதலீட்டைப் பற்றிய இந்தப் புத்தகத்தை, பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 19 வயதில் படித்தார். ஆனால் தடிமனானது, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பாதியில் மூடிவைக்கத் தோன்றும். அதனால் 8, 20 ஆகிய அத்தியாயங்களை முதலில் படியுங்கள். பஃபெட்டும் இவற்றைத்தான் குறிப்பாகச் சொல்கிறார். பங்குச் சந்தை தினமும் சொல்லும் விலைக்குப் பதறாதீர்கள் என்பது 8. சொந்தத் தொழில் செய்பவருக்கு 20-தான் இன்னும் முக்கியம் என்பேன்: நம் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் முதலுக்கு மோசம் வராதபடி, பங்கின் மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் நடுவே இடைவெளி விட்டு, குறைந்த விலையில் வாங்கச் சொல்கிறது. படித்த கையோடு, விற்பனை எதிர்பார்த்ததில் பாதிதான் என்று வைத்து உங்கள் அடுத்த செலவுத் திட்டத்துக்குக் கணக்குப் போடுங்கள். அப்போதும் சம்பளமும் வாடகையும் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.