பிளேஸ்டேஷன் வைஃபையில் ஏறவில்லையா? கடைக்குக் கொண்டு போகுமுன் பார்க்க வேண்டியவை

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் அக்கா போன மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கோல் எடுத்தார். "தம்பி, சித்தப்பா கனடாவிலயிருந்து கொண்டு வந்த பிளேஸ்டேஷன் பழுதாம். வீட்டு வைஃபையின்ர பேரையே காட்டுதில்லையாம். உன்ர மருமகன் நாளைக்குக் கடைக்குக் கொண்டு போகப் போறானாம். ஒருக்கா வந்து பாரன்."

போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. அதைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தால் மொடல் எண் சியுஎச்-1 (CUH-1) என்று தொடங்கியது. 2013-இல் வெளிவந்த முதல் வகை பிஎஸ்4 அது. அந்த வகைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் கேட்கும். வீட்டுக்குப் புதிதாகப் பூட்டிய ஃபைபர் ரவுட்டரிலோ, போனுக்கு வேகம் கூடும் என்று மருமகன் 2.4-ஐ நிறுத்திவிட்டு 5 கிகாஹேர்ட்ஸை மட்டும் விட்டிருந்தான். போன் ஓடுகிறது, லப்டொப் ஓடுகிறது, ஆகவே பிழை பெட்டியில்தான் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. ரவுட்டரில் 2.4-ஐத் திரும்பப் போட்டதும் பெயர் வந்தது.

எங்கள் ஊரில் பல வீடுகளில் இருக்கும் கொன்சோல்கள் இப்படி வெளிநாட்டு உறவுகளின் கையால் வந்தவை, இல்லாவிட்டால் இன்னொருவர் பாவித்துவிட்டு விற்றவை. பெட்டிக்கு ஒரு வயது, ரவுட்டருக்கு வேறொரு வயது. இணைப்பில் வரும் கரைச்சல்களில் பாதி இந்த வயது இடைவெளிதான். அதனால் முதலில் மொடல் எண்ணைப் பாருங்கள். பிஎஸ்4 ஸ்லிம் சியுஎச்-2 என்றும், புரோ சியுஎச்-7 என்றும் தொடங்கும். இரண்டும் 5 கிகாஹேர்ட்ஸில் ஏறும். பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ் வன், நின்டெண்டோ சுவிட்ச் ஆகியவற்றுக்கும் இரண்டும் சரி. பிஎஸ்3, நின்டெண்டோ வீ போன்ற 2006-ஆம் ஆண்டுக்காலப் பெட்டிகளுக்கு 2.4 தவிர வேறு வழியில்லை. ஐபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தியவையும் ஹொட்ஸ்பொட்டை 5-இல் விடக்கூடியவை. ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் 'மக்சிமைஸ் கொம்பாட்டிபிலிட்டி' என்பதைப் போட்டால் 2.4-க்கு வந்துவிடும்.

பூட்டைக் கழற்றிவிடுவது

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் ஏறவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வகை மட்டும் போடப்பட்டிருக்கும். பிஎஸ்4-க்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த நிலைக்கு மாற்றினால் போதும். இந்த இடத்தில் பலர் செய்வது பாஸ்வேர்டையே எடுத்துவிடுவது, அல்லது பழைய நின்டெண்டோ டிஎஸ் ஒன்றுக்காக முழு வீட்டையும் டபிள்யூஈபி என்ற பழைய பூட்டுக்கு இறக்குவது. டபிள்யூஈபி பூட்டைச் சில நிமிடங்களில் உடைக்கலாம். அந்த வைஃபையில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் போய் வருகின்றன. ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக அந்தக் கதவைத் திறந்து போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பாஸ்வேர்டைப் பற்றி இன்னொரு சொல்: ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சிட்டையில் சுழியமும் ஆங்கில 'ஓ'வும், ஒன்றும் சின்ன 'எல்'லும் ஒன்றுபோலவே இருக்கும். கொன்ட்ரோலரால் எழுத்தெழுத்தாக அடிக்கும்போது பிழைப்பது அங்கேதான். போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

எந்தப் பக்கம் பிழை என்று தெரியாமல் காசு செலவழிப்பது

எனக்கு உண்மையிலேயே மனம் நோகும் தவறு இது. ஆட்டம் இழுபடுகிறது என்றதும் மாதாந்த பக்கேஜைக் கூட்டுகிறார்கள், அல்லது சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கொன்சோலிலிருந்து ரவுட்டர் வரை ஒரு தூரம், ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொரு தூரம். பல ஆட்டங்களின் சேர்வர் எங்களுக்குச் சிங்கப்பூரிலோ மும்பாயிலோதான் இருக்கும். இந்த இரண்டு தூரங்களில் இழுபடுவது எது என்று தெரியாமல் எதை வாங்கியும் பயனில்லை.

கண்டுபிடிக்க ஒரு லான் கேபிள் போதும், இரவல் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. கொன்சோலைத் தூக்கிக்கொண்டுபோய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கேபிளால் இணைத்து, அதே ஆட்டத்தை அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். அப்போது சீராக ஓடினால் பிழை வீட்டுக்குள், வைஃபையில். கேபிளிலும் இழுத்தால் வீட்டுக்கு வெளியே, அல்லது வீட்டிலேயே வேறு யாரோ இணைப்பை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். லண்டனுக்கு வீடியோ கோல் ஒன்று ஓடும்போதோ, யாருடையவோ போன் கல்யாணப் படங்களை மேலே ஏற்றும்போதோ, ஏற்றும் பக்கம் நிரம்பி ஆட்டத்தின் சிறு சிறு தகவல்கள் வரிசையில் காத்து நிற்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற வசதி இருந்தால் கொன்சோலுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஓன்லைன் ஆட்டத்துக்குப் பெரிய வேகம் தேவையே இல்லை. தகவல் நேரத்துக்கு வந்து சேர்வதுதான் தேவை. அதனால் ஸ்பீட் டெஸ்டில் வரும் மெகாபிட் எண்ணைப் பார்த்துத் திருப்திப்படாமல், பிங் (தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) எவ்வளவு, அது ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். டெஸ்டை ரவுட்டருக்குக் கீழே நின்று செய்யாமல், கொன்சோல் இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள்.

ரவுட்டரை ஒளித்து வைப்பது

வடிவில்லாமல் இருக்கிறது என்று இரும்பு அலுமாரிக்கு மேலே, ரீவிக்குப் பின்னால், சாமியறை மூலையில் என்று ரவுட்டரை மறைத்து வைக்கிறோம். பாலையூற்றில் ஒரு வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: நாலடி நீள மீன்தொட்டி, அதன் இந்தப் பக்கம் ரவுட்டர், அந்தப் பக்கம் பிஎஸ்5. தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சிவிடும். ரவுட்டரைத் தூக்கித் தொட்டிக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினோம். அதுவரை ஒரு கோடு காட்டிய சிக்னல் நிரம்பிவிட்டது. பழைய கல்வீடுகளின் தடித்த சுவரும், மாடிவீட்டில் கம்பி கட்டி ஊற்றிய சிலாப்பும் 5 கிகாஹேர்ட்ஸை இன்னும் மோசமாக அடைக்கும். அப்படிப்பட்ட வீட்டில் 2.4 மெதுவானாலும் தூரம் போகும். பிஎஸ்5-இல் எந்த அலைவரிசை என்பதை நீங்களே தெரிவு செய்யலாம். நெட்வேர்க் பட்டியலில் வைஃபையின் மேல் நின்று ஓப்ஷன்ஸ் பட்டனை அமத்துங்கள்.

ஆனால் 2.4-இல் கூட்டம் அதிகம். மைக்ரோவேவ் அவனும் புளூடூத் கொன்ட்ரோலரும் அங்கேதான், அயல்வீட்டு ரவுட்டர்களும் அங்கேதான். செனல்களில் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை. ஆளில்லாத ஒன்றைப் பார்த்துப் போடுங்கள். 12, 13 வேண்டாம், சில கொன்சோல்கள் அவற்றைக் காணவே காணா. 5-இல் 52 முதல் 144 வரையான செனல்கள் ராடாரோடு பங்குபோடுபவை. ராடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும் என்பது விதி, ஆட்டம் நடுவில் அறும். துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் இருக்கும் ஊர் என்பதால் நான் பூட்டும் ரவுட்டர்களில் 36-ஐயே போடுகிறேன்.

ரிப்பீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிக்னல் செத்த அறைக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு. பாதி வழியில் வையுங்கள். அப்போதும் ஒரே ரேடியோவால் வாங்கிக் கொடுக்கும் மலிவு வகைகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

நண்பனின் குரல் கேட்கவில்லை

இணைப்பு இருக்கிறது, ஆட்டமும் ஓடுகிறது, ஆனால் கிண்ணியாவில் இருக்கும் நண்பனோடு பார்ட்டியில் (குரல்வழிக் குழுவில்) சேர முடியவில்லை என்றால் அது நாட் வகைச் சிக்கல், அதாவது வீட்டுக்குள் இருக்கும் முகவரியை ரவுட்டர் வெளிமுகவரியாக மாற்றும் முறையில் வரும் சிக்கல். பிளேஸ்டேஷன் அதை 3 என்றும் எக்ஸ்பொக்ஸ் ஸ்ட்ரிக்ட் என்றும் காட்டும். கொம்பனி தந்த ரவுட்டருக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றையும் பூட்டியிருந்தால் இரண்டும் முகவரி மாற்றும். இரண்டாவதை, முகவரி மாற்றாமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பொயின்ட் நிலைக்கு மாற்றுங்கள். கொன்சோல் கேட்கும் வழியைத் தானே திறந்துவிடும் யுபிஎன்பி என்ற வசதி ரவுட்டரில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 4ஜி ரவுட்டர் என்றால் முதலில் அதன் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொதுமுகவரியைப் பலருக்குப் பங்கிடுகிறார்கள் என்று பொருள். போர்ட் திறப்பதில் மினக்கெட வேண்டாம். பொதுமுகவரி கிடைக்குமா என்று சேவை தருபவரிடமே கேளுங்கள். டிஎம்இசட்டில், அதாவது ரவுட்டரின் காவல் இல்லாத இடத்தில், போடுங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் கொன்சோலுக்கு ஒரு முகவரியை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்குங்கள். அப்படிச் செய்யாமல் விட்டால், நாளைக்கு அந்த முகவரி லப்டொப்புக்குப் போய், லப்டொப் வெளியுலகத்துக்குத் திறந்து கிடக்கும்.

டேட்டா எப்படி முடிந்தது?

ஒரு மணிநேர ஆட்டத்துக்குப் பெரும்பாலும் நூறு, இருநூறு மெகாபைட்டுக்கு மேல் போகாது. மாதத்து டேட்டாவை ஒரே இரவில் விழுங்குவது அப்டேட். ஒரு ஆட்டம் நூறு ஜிகாபைட்டைத் தாண்டுவதும் உண்டு. தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள். உங்கள் பக்கேஜில் இரவுக்குத் தனி டேட்டா இருந்தால், அந்த நேரம் தொடங்கியதும் நீங்களே இறக்குங்கள்.

கேபிள் இழுக்கிறவர்களுக்கு

கொன்சோல் இடம் மாறாதென்றால் நான் சொல்வது கேபிள்தான். கட் 5ஈ வகை நூறு மீற்றர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் அது காணும். நின்டெண்டோ சுவிட்சின் முதல் டொக்கில் (ரீவியோடு இணைக்கும் தாங்கி) லான் துளை இல்லை, யுஎஸ்பி அடப்டர் ஒன்று வேண்டும். 2021-இல் வந்த ஓஎல்ஈடி வகையின் டொக்கில் துளை இருக்கிறது. கடற்கரைப் பக்கம் வீடென்றால் வெளிச்சுவரில் கேபிளை ஒட்டுப்போடாதீர்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடித்து, இணைப்பு விட்டுவிட்டு வரும். ஒரே துண்டாக இழுத்து, பிளக்குகளை வீட்டுக்குள்ளே அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்குமுன்னரே, கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிற்காமல், செம்பு டெலிபோன் வயரையும் வெளியால் வரும் லான் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அந்த வயர்களாலும் உள்ளே வரும். ரவுட்டரைத் தாண்டிக் கொன்சோலின் போர்ட் வரைக்கும் போகும்.